குட்டச்சியின் இடது இறக்கை

– இந்தக் கோழி எப்படிடி தாண்டுது? ரெண்டு பக்கமும் பத்துப் பத்து இறகு, ஸ்கேல் வச்சு வெட்டியிருக்கேன். சுவரு என் நெஞ்சு உசரம். எப்படித் தாண்டுது?

– என்னைக் கேட்டா? நான் என்ன கூடவா பறந்து போனேன்? முதல்ல இதைப் புடிங்க, கை கடுக்குது.

– கொடு. ஏய் குட்டச்சி, சாண் உசரம் இல்ல, உனக்கு ஊர் சுத்தணுமா? பெரிய கோழி ரெண்டும் வெட்டினதும் அடங்கிடுச்சு. உனக்கு மட்டும் என்ன கொழுப்பு?

– அதுங்க உடம்பு கனம். இது குள்ளக்கோழி. தூக்கினா ஒரு தேங்கா எடை கூட இருக்காது.

– அதாவது பாரு, றெக்கையை விரிச்சா ஓரத்துல இருக்குற இந்தப் பத்து இறகுதான் ஆளைத் தூக்குது. உள்பக்கம் இருக்குறதெல்லாம் சும்மா போர்வை மாதிரி. இந்தப் பத்தையும் பாதியா வெட்டிட்டா காத்து புடிக்காது. வலிக்கவும் வலிக்காது, நகம் வெட்டுற மாதிரிதான். புதுசா முளைக்கிற இறகுலதான் ரத்தம் ஓடும். அதைத் தொடவே இல்ல. எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கேன்.

– ஊர்ல உள்ள ஃபேனையெல்லாம் ரிப்பேர் பண்ணி ஓட விடுறீங்க. ஒரு கோழியை நிறுத்த முடியல.

– சிரிக்காதே. நேத்து சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் கத்தினது காதுல விழுந்துச்சா?

– தெருவுக்கே விழுந்துச்சு. "இன்னொரு தடவை அந்தச் சனியன் இங்க வந்தா கழுத்தைத் திருகிடுவேன்."

– கோழியைச் சொன்னான்.

– உங்க அண்ணன் கோழியை மட்டுமா சொன்னாரு?

– இப்ப கோழியை யாரு எடுத்துக் கொடுத்தா? அண்ணியா?

– எங்க அக்காதான். வேற யாரு இருக்கா அந்த வீட்டுல?

– என்ன சொன்னாங்க?

– ஒண்ணும் சொல்லல. கேட்டைத் திறக்கவே இல்ல. கம்பிக்கு மேல நீட்டினா, வாங்கிக்கிட்டேன்.

– எப்பவும் கால் மணி நேரம் நிப்பீங்களே ரெண்டு பேரும்.

– இன்னைக்கு நிக்கல. ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருந்துச்சு. பல்வலியாம்.

– போன மாசமும் பல்வலின்னுதானே சொன்னாங்க?

– அதுக்கு முந்தின மாசமும் அதேதான். அவ வாயில அவ்வளவு பல்லு கிடையாது.

– நான் வேணும்னா போய்க் கேக்கட்டுமா?

– போன தடவை கேட்டீங்களே. மறுநாள் அடி யாருக்கு விழுந்துச்சு? உங்களுக்கா?

– அதுக்காகப் பாத்துக்கிட்டே இருக்கிறதா?

– விடுங்க. கோழியைப் பாருங்க.

– கோழியைத்தான் பாக்குறேன். குட்டச்சி, ஆடாத. வலது றெக்கையில நாலு விரல் நீளம் மிச்சம். நான் வெட்டினது வெட்டினபடி இருக்கு. இடது... ஏய், இங்க வா. இது என்ன?

– என்ன?

– இடது பக்கம் அடியோட ஒட்ட வெட்டியிருக்கு. பத்து இறகும். இது என் வெட்டு இல்ல. நான் நேரா வெட்டுவேன், இது சாய்வா இருக்கு. யாரு வெட்டினது? அடியே, உன்னைத்தான். என்ன, முகம் இப்படிப் போகுது?

– ஒண்ணுமில்ல. கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.

– தண்ணி வேணுமா?

– வேண்டாம். எங்கம்மா இப்படித்தான் வெட்டும். சாய்வா, ஒரு பக்கம் மட்டும்.

– ஒரு பக்கம் மட்டுமா?

– நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு காலைப் புடிச்சுக்குவோம். அம்மா இடது பக்கம் மட்டும் வெட்டும்.

– ஒரு பக்கம் மட்டும் வெட்டினா... இரு, இரு. ஃபேன்ல மூணு றெக்கையும் ஒரே மாதிரி தேஞ்சா மெதுவாத்தான் சுத்தும், ஆனா ஆடாது. ஒண்ணு மட்டும் வளைஞ்சிருந்தாத்தான் கிடுகிடுன்னு ஆடும். அட முட்டாப் பயலே! நான் ரெண்டு பக்கத்தையும் சமமா வெட்டி, இதுக்குப் பேலன்ஸ் பண்ணிக் கொடுத்திருக்கேன்! இருபது வருஷமா அந்த வேலையே பாத்து கை தானா சமமா வெட்டுது. எடை கம்மி, படபடன்னு ரெண்டு அடி கூட அடிச்சா ஏறிடும். அதான் தாண்டியிருக்கு!

– அதான்.

– அப்போ நான் வெட்டுறப்ப நீதானே கோழியைப் புடிச்சிக்கிட்டு இருந்தே? உனக்கு அப்பவே தெரியுமா?

– தெரியும்.

– ஏன்டி சொல்லல?

– சொன்னா கோழி போகாது. கோழி போகலன்னா நான் எதைக் கேட்டு அந்த கேட்டுல போய் நிப்பேன்? ஒரே வீட்டுல பொறந்து, ஒரே வீட்டுக்கு வாழ வந்தோம். நீங்க அண்ணன் தம்பி சண்டை போட்டு நடுவுல சுவரு வச்சீங்க. போன் பேசக்கூடாது, வாசல்ல நிக்கக்கூடாதுன்னு அத்தான் சொல்லிட்டாரு. கோழி வந்துடுச்சு, புடிச்சுக் கொடுன்னு கேக்குறதை மட்டும் யாராலயும் தடுக்க முடியல.

– வாரம் ஒரு தடவை...

– ரெண்டு தடவை. அவ பழைய கூடையில வைக்கோல் போட்டு வச்சிருக்கா, முட்டையிட. தானியமும் போடுவா. அதுக்காகத்தான் இது போகும்.

– அப்படின்னா இது... அண்ணி வெட்டினதா?

– வேற யாரு? நான் கேட்டுல நிக்குறது அத்தான் கண்ணுல படுற ஒவ்வொரு தடவையும், நான் வந்தப்பறம் அவளுக்குப் பல்வலி வருது. எனக்குத்தான் புத்தியில்ல. கணக்குப் போட்டுப் பாக்கல. அவ போட்டுட்டா. வாயால "வராதடி"ன்னு சொல்ல முடியல அவளுக்கு. கத்திரிக்கோலை எடுத்திருக்கா.

– அழாத. இங்க பாரு, நான் ஒண்ணு செய்றேன். வலது பக்கத்தையும் இதே மாதிரி ஒட்ட வெட்டி விட்டுடுறேன். ரெண்டும் சமமாயிடும். கொஞ்சம் சிரமப்படும், ஆனா மறுபடி ஏறும். கத்திரிக்கோல் எங்க?

– வேண்டாங்க.

– நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். குட்டச்சி போகும், நீ போய்க் கேப்பே. எப்பவும் போல.

– வேண்டாம், கத்திரிக்கோலை உள்ள வச்சிடுங்க. ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருந்தா கோழி எழும்பும்போதே சாயும், சுவரு ஏறாது. புது இறகு முளைச்சா, மறுபடி அதே இடது பக்கத்தை மட்டும் வெட்டிடுங்க.