அருமை அண்ணையின் கொப்பி

டிவிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது, பிள்ளை. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். படித்தவர்கள்கூட இதைச் சரியாகச் செய்வதில்லை. பிறகு படம் பாதியில் நின்றுவிட்டது என்று என்னிடம் ஓடிவருவார்கள்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது இதைக் கேட்பதற்கு அல்ல என்று தெரியும். கிருபானந்தனும் குணேஸ்வரியும் இத்தனை வருடம் வாழ்ந்துவிட்டுப் பிரியப்போகிறார்கள். அதைச் சண்டையில்லாமல் முடித்துவைக்கும் மத்தியஸ்தர் நீங்கள். சண்டையின் வேர் என்ன என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டீர்கள். இரண்டு பேரும் ஒரு டிவிடியைப் பற்றிச் சொன்னார்கள். அருமைநாதனைக் கேட்டால் உண்மை தெரியும் என்றும் சொன்னார்கள். ஆகவே வந்திருக்கிறேன். உண்மை சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

நான் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்க்காமல் லொறியில் ஏற்றுவதுதான் அங்கே வேலை. ஓய்வுக்குப் பிறகு வீட்டின் கீழே இருக்கும் என் பேஸ்மென்ற்றில் ஒரு கொம்பியூட்டரும் டிவிடி எழுதும் பேர்னரும் வைத்துக்கொண்டேன். முருகன் கோயிலுக்கு வரும் சனம் தாங்கள் வாங்கிய படங்களை என்னிடம் தருவார்கள். பேரப்பிள்ளைகள் கீறிவிடுவதற்கு முன் ஒரு கொப்பி எடுத்துவிட்டால் அசல் அலுமாரியில் பத்திரமாக இருக்கும். காசு வாங்கமாட்டேன். மொனிற்றருக்குத் திருநீறு பூசி, சிவசிவ என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அமத்துவேன். சில டிவிடிகளில் கொப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டிருப்பார்கள். அதைத் திறப்பது பிழையில்லையா என்று ஒருவர் கேட்டார். உங்கள் வீட்டுப் பூட்டை நீங்கள் திறந்தால் பிழையா என்று நான் கேட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவரும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

படம் கொம்பியூட்டருக்குள் வந்துவிட்டால் ஒரு நீளமான நாடாவைப் போலக் கிடக்கும். எந்த இடத்திலும் வெட்டலாம், வெட்டியது தெரியாமல் ஒட்டலாம். முதலில் ஒரு முத்தக் காட்சியை வெட்டினேன். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு, தாய் தகப்பன் எழும்பி ஓடிப்போய்த் திரையை மறைக்கத் தேவையில்லை. யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்த சின்ன உதவி. பிறகு குடிக்கும் காட்சிகள். பிறகு மாமியாரைத் திட்டும் வசனங்கள். குணேஸ்வரிக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு எடுத்த கொப்பிகளில் சாவுகளையும் வெட்டத் தொடங்கினேன். அவள் வீட்டு ரீவியில் ஒருவரும் சாகமாட்டார்கள். எமனுக்கே இல்லாத ஒரு இரக்கம் என் பேர்னரிடம் இருந்தது.

ஒருமுறை கோயிலில் அன்னதானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, டொலார்ட் பக்கம் குடியிருக்கும் இந்தியாக்கார எஞ்சினியர் ஜம்புநாதன் ஒரு படத்தைப் பற்றிப் பேச்செடுத்தார்.

“கடைசில ஹீரோ செத்துப் போறானே, என் வைஃப் தாங்கவே இல்ல.”

“ஆர் செத்தது?” என்றாள் குணேஸ்வரி. “அவை கலியாணம் கட்டி, பனிமலையில பாட்டுப் பாடி முடிச்சவை.”

“இல்லம்மா, நான் தியேட்டர்ல பாத்தேன்.”

“நீங்கள் இடையில நித்திரை கொண்டிருப்பியள், தம்பி.”

“பாப்கார்ன் கையில இருக்கும்போது யாராவது தூங்குவாங்களா?”

“அப்ப அது வேற படம். என்னட்டை டிவிடி இருக்கு, வேணுமெண்டால் வந்து பாருங்கோ.”

ஜம்புநாதன் என்னைப் பார்த்தார். ஒரே படத்தை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிப் பாப்பினம் என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தேன். அந்த மனிதர் வீட்டுக்குப் போய்த் தன் ஞாபகத்தைச் சந்தேகித்திருப்பார். குணேஸ்வரியின் முகத்தில் இருந்த நிம்மதியோடு பார்த்தால் அது பெரிய இழப்பு அல்ல.

இனி அந்த வீட்டின் கதை. அவர்களுக்கு ஒரே மகள், சிவாஜினி. கெட்டிக்காரி. என் தம்பியின் மகன், பெறாமகன் ரதீசனை அவளுக்குப் பேசிப் பார்த்தேன். “அங்கிள், அவரோட கதைச்சால் எனக்கு நித்திரை வருது” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ரதீசன் லவால் பக்கம் ஒரு வீடு வாங்கி இன்னும் தனியாகத்தான் இருக்கிறான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் முந்திச் சொல்கிறேன்.

பிறகு அவள் டினோஜனைக் கட்டப்போகிறேன் என்றாள். ஆஸ்பத்திரியில் வேலை, பிரெஞ்சு தண்ணீராக ஓடும், கோயிலுக்கும் வருகிற பொடியன். எங்கள் சனம் இந்த நாட்டில் சாதி பார்ப்பதில்லை. ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, பாட்டன் என்ன வேலை செய்தவர் என்று மட்டும் விசாரிப்போம். கிருபானந்தன் என்னிடம் கேட்டார், நான் நாலு இடத்துக்குப் போன் அடித்து விசாரித்துக் கொடுத்தேன். அதுவும் ஒரு சின்ன உதவிதான். அந்தக் கிழமையே அவர் மகளை வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். அவளுடைய பெயர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்றார். அவள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டு டிவிடியையும் உடைத்துப் போடு என்று மனைவியிடம் கத்தினார். கத்தும்போது நானும் அங்கேதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

குணேஸ்வரி உடைக்கவில்லை. அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்து, அவர் வேலைக்குப் போன பிறகு போட்டுப் பார்ப்பாள். பார்த்துப் பார்த்து அது கீறிவிட்டது. ஒருநாள் சேலைத் தலைப்புக்குள் மறைத்து என்னிடம் கொண்டுவந்தாள்.

“அண்ணை, இதில இவர் அழுகிற இடம் ஒண்டு இருக்கு. அந்த இடத்தில வந்து நிண்டுபோகுது. எப்பிடியாவது எடுத்துத் தாங்கோ.”

“கிருபாவோ அழுதவர்?”

“ஓம் அண்ணை. அவளுக்கு அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கேக்க. என்ர ராசாத்தி எண்டு கட்டிப்பிடிச்சு அழுதவர். அவளுக்கு அது ஞாபகமில்லை, சின்னப்பிள்ளை, வெக்கத்தில குனிஞ்சுகொண்டு நிண்டவள். தன்ர அப்பாவுக்கு நெஞ்சில ஈரமில்லை எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவள். ஒருநாள் வருவாள், அண்டைக்கு இதைக் காட்டவேணும். வாயால சொன்னா நம்பமாட்டாள்.”

கீறலைப் பற்பசை போட்டுத் தேய்த்து, மெதுவான வேகத்தில் வாசிக்கவிட்டு, அந்த இடத்தை மீட்டெடுத்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. கிருபானந்தன் குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. பிறகு அதை வெட்டினேன்.

யோசித்துப் பாருங்கள். இரத்த அழுத்தம் உள்ள ஒரு பெண், வராத மகளை நினைத்துத் தினமும் அழுகிறாள். கிருபானந்தன் கண்டுபிடித்தால் வீட்டில் பிரளயம். அழும் இடத்தை மட்டும் எடுக்கத்தான் தொடங்கினேன். அதை எடுத்ததும் அதற்கு முன்னால் அவள் பல்லக்கில் வருவது பொருந்தவில்லை. பல்லக்கை எடுத்ததும் ஆரத்தி தனியாக நின்றது. ஒரு வேலையைத் தொடங்கினால் துப்புரவாக முடிப்பது என் பழக்கம். கடைசியில் சிவாஜினி எங்கும் இல்லை. ஒரு சாமத்தியவீட்டில் பெண்ணை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் மிஞ்சும். தட்டுத் தூக்கும் பெண்கள், புகைவிடும் மெசின், ஆள் உயரக் கேக், பட்டுவேட்டியை இறுக்கிக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போகும் மாமாமார். பெண் இல்லாததே தெரியாமல் அழகாக ஓடியது. எங்கள் கொண்டாட்டங்களைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்கு ஒரு தெளிவு வந்தது.

குணேஸ்வரியிடம் புது டிவிடியைக் கொடுத்து, அசல் பழுதாகிவிட்டது, எறிந்துவிட்டேன் என்றேன். இதைப் போட்டுப் போட்டுப் பார்த்தால் இதுவும் கீறும், மகள் வரும் நாளில் மட்டும் எடு என்றும் சொன்னேன். அவள் சொன்னதைக் கேட்கிற பெண். சாமியறையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துக் கும்பிட்டு வந்தாள். பார்ப்பது நின்றது, அழுவதும் குறைந்தது. டொக்டர் குளிசையின் அளவைக் குறைத்தார். அதை யாரும் என் கணக்கில் எழுதவில்லை.

அது அப்படியே போயிருக்கும். கிருபானந்தனுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து மனம் இளகிவிட்டது. பிள்ளையைக் கூப்பிடு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சிவாஜினி புருசனோடும் கைக்குழந்தையோடும் வந்தாள். இப்போது யாருடைய வீட்டில் டிவிடி பிளேயர் இருக்கிறது? என்னுடையதைக் கொண்டுவரச் சொல்லிக் குணேஸ்வரி போன் எடுத்தாள். நான் கொண்டுபோய் ரீவியில் பொருத்திக் கொடுத்தேன்.

தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல், இரண்டு பேரும் குழந்தையோடு மட்டும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். குணேஸ்வரி டிவிடியைக் கண்ணில் ஒற்றி என் கையில் தந்தாள்.

“அப்பா உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுத இடம் ஒண்டு இருக்கு. இண்டைக்குப் பார்.”

“அப்பாவோ? அழுதவரோ? சும்மா கதை விடாதேங்கோ அம்மா.”

“அப்ப கட்டாயம் பாக்கவேணும்” என்றான் டினோஜன். “மாமா அழுததை நான் என்ர பிள்ளைக்கும் காட்டவேணும்.”

கிருபானந்தனின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மருமகனை அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். நான் பொத்தானை அமத்தினேன்.

தட்டுகள் வந்தன, கேக் வந்தது. காலமான ஒரு பெரியம்மாவைக் கண்டு எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

“நான் எங்கை?” என்றாள் சிவாஜினி.

“வரும், வரும். பொறு.”

மாமாமார் சாப்பிட்டார்கள். பெண்கள் சிறு பிள்ளைகளைப் பிடித்து ஆடவிட்டார்கள். வந்தவர்களுக்கு நன்றி என்று எழுத்து ஓடி, திரை நீலமாகியது.

குழந்தை மட்டும் திரையைப் பார்த்துக் கை தட்டியது.

“என்னை வெட்டிப்போட்டியள், என்ன?” என்றாள் சிவாஜினி.

“ஐயோ, இல்லைப் பிள்ளை.” குணேஸ்வரி புருசனைப் பார்த்தாள். “நீங்கள் தானே உடைச்சுப் போடச் சொன்னனீங்கள்?”

“நான் கோவத்தில சொன்னனான். செய்தது நீர்.”

“நான் தொடேல்லை. நீங்கள்தான் சாமியறையில இருந்து எடுத்து, ஆரையோ பிடிச்சு மாத்திச் செய்விச்சிருக்கிறியள்.”

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணை, நீங்கள் கொப்பி எடுக்கேக்க பாத்தனீங்கள் தானே? அதில பிள்ளை இருந்தவள் தானே? இவர் அழுதவர் தானே? சொல்லுங்கோ அண்ணை.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் மற்ற ஆக்களின்ர வீட்டு விசயம் பாக்கிறேல்லைத் தங்கச்சி” என்றேன். “மெசின்தான் கொப்பி எடுக்கும். நீ தந்ததைத்தான் நான் தந்தனான்.”

சிவாஜினி குழந்தைக்குத் தொப்பியைப் போட்டாள். அவள் கத்தவில்லை. “நான் வேண்டாமெண்டால் வாயால சொல்லியிருக்கலாம்” என்றாள். “இவ்வளவு பாடுபட்டு ஒவ்வொரு இடமாத் தேடி வெட்டியிருக்கத் தேவையில்லை.” கார் போன பிறகும் கிருபானந்தன் அந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் பேஸ்மென்ற்றில், அவள் மேலே. மகள் போன் எடுப்பதில்லை. நான் கிழமைக்கு ஒருமுறை சூப் வைத்துக் கொண்டுபோவேன், இரண்டு தளத்துக்கும் தனித்தனிப் பாத்திரம். மற்றவர்தான் வெட்டியது என்று இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். பொறுமையாக இருங்கோ, ஆண்டவன் பார்ப்பான் என்று சொல்லிவிட்டு வருவேன். அப்படி ஆறுதல் சொல்ல அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

யார் வெட்டியது என்று கேட்டீர்கள். நான்தான். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. இந்த அறையில் சொல்வது வெளியே போகாது என்று நீங்களும் வாக்குத் தந்திருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அசலை நான் எறியவில்லை. கொப்பி எடுக்கிறவன் அசலை எறியமாட்டான், அது தொழிலுக்கு அழகில்லை. வெட்டுவதற்கு முன் முழுதாக எழுதிய ஒரு டிவிடியும் என்னிடம் இருக்கிறது. கிருபானந்தன் அழும் இடம் அதில் ஒரு துடிப்புக்கூட இல்லாமல் ஓடும். அந்த ஞாயிற்றுக்கிழமை பிளேயர் கொண்டுபோன பைக்குள் அதுவும் இருந்தது. மாற்றிப் போடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். கதவைத் திறந்தது டினோஜன். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி, “வாங்கோ அங்கிள், இருங்கோ” என்று எனக்குக் கதிரையைக் காட்டினான். அதற்குப் பிறகு பையை நான் திறக்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. குணேஸ்வரியின் இரத்த அழுத்தத்தை நினைத்துத்தான் இருக்க வேண்டும்.

இப்போதாவது கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. நானும் யோசித்தேன். கொடுத்தால் மகள் வருவாள், அவர் மேலே ஏறி வருவார், எல்லாம் சரிதான். ஆனால் யார் வெட்டியது என்று தெரிந்துவிடும். அந்த வீட்டில் புருசன் பெண்சாதியை நம்புவதில்லை, பெண்சாதி புருசனை நம்புவதில்லை, மகள் இருவரையும் நம்புவதில்லை. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்றுதான், பிள்ளை. அதையும் பறிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை.