எதிர்வரிசைக்குப் போவோம்

பொதுக்குழுவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்புமிக்க தலைவர் அவர்களே, வென்று வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் உறுப்பினர்களே, என்னைப் போல் தோற்றுப் பின்வரிசையைத் தேடிய தோழர்களே, சுவரொட்டி ஒட்டிக் கை காய்த்த தொண்டர்களே, வீடு வீடாக ஏறி இறங்கிக் கால் ஓய்ந்த தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

பத்தாண்டு நாடாளுமன்றத்தில் அமர்ந்தவன் நான். முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். ஆண்ட நம் கட்சிக்குப் பெரும்பான்மைக்கு மூன்று இடம் குறைகிறது. மூன்று சுயேச்சைகளை அமைச்சர்களாக்கி ஆட்சியைத் தக்கவைப்போம் என்கிறது இன்றைய தீர்மானம். அதை எதிர்க்கவே எழுந்தேன்.

ஏன் தோற்றோம்? எதிரியின் பொய்யா? எதிரியின் பணமா? மழையா, வெயிலா? என் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் தொகுதி மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் ஒரு சகோதரி. நோயாளிகளின் விரிப்புகளை வெந்நீரில் வெளுப்பவர். எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு, முன்வாசலுக்குச் சுற்றி நடந்து பேருந்து ஏற வேண்டும். பின்வாசலிலும் பேருந்து நிற்கட்டும் என்று எனக்கு மனு எழுதினார். 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போனது. மறுபடி எழுதினார், மறுபடி அதே பதில். ஐந்தாண்டில் ஏழு கடிதம். ஏழிலும் என் கையெழுத்து, ஏழும் ரப்பர் முத்திரை. ஒரு மனுவைக்கூட நான் படிக்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தேர்தல் வந்தது. அவர் வாசலில் நின்றேன், கும்பிட்டேன், குனிந்தேன், குழந்தையை வாங்கிக் கொஞ்சினேன். "என்னம்மா, ஓட்டு நமக்குத்தானே?" என்றேன். அவர் முகம் மாறாமல் சொன்னார்: "உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்குண்ணே."

சிரியுங்கள். அன்று நானும் சிரித்தேன். வாக்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

என்ன சொல்கிறார் மூன்றாம் வரிசை அண்ணன்? "ஒரு பஸ் ஸ்டாப்புக்காகவா ஆட்சி போச்சு?" என்கிறார். ஆமாம் அண்ணே. தொகுதிக்குத் தொகுதி ஒரு பின்வாசல் இருந்தது. ஒன்றிலும் நாம் போய் நிற்கவில்லை.

நேற்று இந்த மேடையில் இருக்கும் ஒருவர் என் தோளில் கை போட்டார். "நீ வாயத் திறக்காம இரு, மேலவை வழியா உன்னையும் உள்ள கொண்டு வந்துடறோம்" என்றார். ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "உங்களத்தான் வேணாம்னுட்டாங்களே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே இங்கே கொண்டு வந்திருக்கிறேன். உங்களிடம் பதில் உண்டா?

மக்கள் நம்மை அழிக்கவில்லை, எதிரே உட்காரச் சொன்னார்கள். உட்காருவோம். உட்கார்ந்து கேட்போம், கேட்டுக் கற்போம், கற்றுத் திருந்துவோம். திருந்திய கட்சியாகத் திரும்பி வருவோம். மூன்று பேரை வளைத்துப் பிடித்த நாற்காலியில் அமர்ந்தால், அடுத்த தேர்தலில் எந்த வாசலில் போய் நிற்பீர்கள்?

மணி அடிக்கிறீர்கள் தலைவரே, முடித்துவிடுகிறேன். மேலவை எனக்கு வேண்டாம். இந்தத் தீர்மானத்தை எதிர்த்து இதோ என் கையைத் தூக்குகிறேன். நீங்கள் எண்ணி முடிக்கும்வரை இறக்க மாட்டேன். கூடத் தூக்குபவர்கள் தூக்குங்கள். யாரும் தூக்காவிட்டால் ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. எழுகின்ற கைகளுக்கு என் வணக்கம்.