விடுப்பில் போன வரி

விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறிக்கையை இரண்டு முறை படித்தேன். நாற்பத்திரண்டு பக்கத்தில் எழுத்துப்பிழை இரண்டே இரண்டுதான். இந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். மற்ற பிழைகள் எழுத்தில் இல்லை, செய்தியில் இருக்கின்றன. அவற்றைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

முப்பத்தோராம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மென்பொருளை எழுதிய பெண் கையேட்டைப் படிக்கவில்லை. படிக்கத் தகுந்த நிலையிலும் அந்தக் கையேடு இல்லை." இரண்டு வாக்கியமும் தவறு. முதலாவதால் அந்தப் பெண்ணுக்கு வேலை போகிறது, வழக்கும் வருகிறது. இரண்டாவதால் என்னுடைய இருபத்திரண்டு வருட உழைப்பு குப்பைக்குப் போகிறது. இரண்டையும் நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

நான் யார் என்று தங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் விசாரணையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து தேநீர் குடித்தீர்கள். எங்கள் நிறுவனம் லிஃப்ட்டை இயக்கும் மென்பொருளைச் செய்கிறது. அதை எழுதும் புரோகிராமர்களுக்கு எந்தக் கட்டளை என்ன செய்யும், எதைச் செய்யாது என்று சொல்லும் கையேட்டை எழுதுவது நான். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். எல்லாம் கணினியில்தான். எனக்குப் பின்னால் என்னை 'அகராதி' என்று சொல்வார்கள். முன்னால் சொல்லத் தைரியம் கிடையாது.

சென்ற வருடம் கையேட்டின் பயனை அளக்கப் போவதாக மேலாளர் அறிவித்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் புரோகிராமர்கள் ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். சராசரி இரண்டுக்குக் கீழே வந்தால் பிரிவை மூடிவிட்டு என்னைக் கிடங்குக்கு மாற்றுவதாகத் திட்டம். பதினேழு பேர் போட்டார்கள். சராசரி ஒன்று புள்ளி நான்கு. சில மாதம் கழித்து இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாகச் சொன்னார்கள்.

கூட்டத்தில் மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கோவிச்சுக்காதீங்க. இதையெல்லாம் யாரு உக்காந்து படிக்கிறா? பக்கத்து சீட்டுல கேட்டா ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடுது."

மூத்த புரோகிராமர் ஒருவர், "அவரு பக்கத்தைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள லிஃப்ட்டு மேல போய், ஆளை இறக்கிட்டு, கீழ வந்துடும் சார்" என்றார்.

அன்று ஏதோ பாகம் வாங்க வந்திருந்த மெக்கானிக் ஒருவரும் வாசலில் நின்றபடி தன் பங்குக்குச் சொன்னார். "சார், ஒரே ஒரு தடவை அதை பிரிண்ட் எடுத்துக் குடுங்க. எடை போட்டு லிஃப்ட்டைச் சோதிக்க மூட்டை கிடைக்க மாட்டேங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நல்ல நகைச்சுவை. அவர்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

பதினேழு பேரில் ஒருத்தி மட்டும் எல்லாப் பக்கத்துக்கும் ஐந்து போட்டிருந்தாள். சேர்ந்து நான்கு மாதமே ஆன பெண். ஐந்து போட்டதோடு நிற்காமல், எந்தப் பக்கத்தில் காற்புள்ளி தவறு, எங்கே எடுத்துக்காட்டு பழையது என்று தனியாக ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தாள். பட்டியலில் இருந்தவை எல்லாம் சரி. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போடவில்லை, கண்ணைத் திறந்து படித்திருக்கிறாள். ஒரு கை தட்டினால் ஓசை வருமா? பதினாறு பேர் எதிர்க்கையை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உப்பில்லாட்டாதானே உப்போட அருமை தெரியும்? பத்து நாள் லீவு போட்டு வீட்ல இருங்க. தானா வந்து நிப்பாங்க" என்றாள்.

யோசனை சரியானது. ஆனால் நான் விடுப்பு எடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கையேடு அங்கேயேதான் இருக்கும். ஆகவே நான் போவதற்குப் பதிலாக ஒரு வரியை விடுப்பில் அனுப்பினேன்.

இருநூற்றுப் பதினான்காம் பக்கம். லிஃப்ட்டின் கதவு மூடியிருக்கிறதா என்று கேட்கும் கட்டளை அதில் இருக்கிறது. திறந்திருந்தால் ஒன்று என்று பதில் வரும். மூடியிருந்தால் பூஜ்யம். ஆனால் கதவிலிருக்கும் சென்சாரின் ஒயர் கழன்றிருந்தாலும் பூஜ்யம்தான் வரும். அதனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "பூஜ்யம் வந்தால் மட்டும் போதாது; சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்க்காமல் மோட்டாரை ஓட்டக் கூடாது." பன்னிரண்டு சொற்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் இதைவிடத் தேவையான வரி கிடையாது. குறைவாக எதையாவது எடுத்திருந்தால் சோதனையே ஆகாது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு எடுத்தேன்.

வரி இல்லாமல் போனால் சோதனைக்கூடத்திலேயே லிஃப்ட் தடுமாறும், எல்லாரும் ஓடி வருவார்கள் என்று நினைத்ததாக இங்கே எழுதலாம். கடிதத்தில் பொய் எழுதிப் பழக்கமில்லை. சோதனைக்கூடத்தில் ஒயர் எதுவும் கழன்றிருக்காது. வெளியே, ஆள் நிற்கும் லிஃப்ட்டில்தான் கழலும். அது எனக்குத் தெரியும்.

பழைய புரோகிராமர்கள் எழுதியதில் இந்தக் கோளாறு வராது என்பதும் தெரியும். அவர்கள் புதிதாக எதையும் எழுதுவதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டுவார்கள். அந்தப் பழையதில் சரிபார்ப்பு தானாகவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஏன் இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. ஆக, படிக்காதவர்கள் எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள். கையேட்டைப் படித்து அதன்படி எழுதுகிற ஆளுக்கு மட்டும்தான் ஆபத்து. அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். மெக்கானிக்குகள் பழுது பார்க்கும்போது லிஃப்ட்டை மெதுவாக ஓட்டும் புதிய மென்பொருளை அந்த வாரம் அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தை யார், எந்த நேரம் திறந்தார்கள் என்ற பட்டியல் என் கணினிக்கு வரும். வியாழக்கிழமை அவள் மூன்று முறை திறந்தாள். பட்டியலின் பிரதி முதல் இணைப்பாக இருக்கிறது.

அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து, ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், காலை பதினொரு மணிக்கு, மூட்டைக்காகக் கையேடு கேட்ட அதே மெக்கானிக் கதவின் உருளையை மாற்றிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்குச் சென்சார் ஒயரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கதவு திறந்திருந்தால் லிஃப்ட்டை நகரவிடாத வழக்கமான பூட்டும் அப்போது வேலை செய்யாது, மென்பொருள் ஒன்றுதான் காவல். ஒரு கால் தரையில், ஒரு கால் உள்ளே. மென்பொருள் கதவைக் கேட்டது. பூஜ்யம் என்று பதில் வந்தது. லிஃப்ட் ஒரு மாடி மேலே போயிற்று. மீதியைத் தங்கள் அறிக்கையின் ஏழாம் பக்கம் நன்றாகவே சொல்கிறது. அவருக்கு முப்பத்தெட்டு வயது என்பதும், மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி என்பதும் எனக்கு அதைப் படித்துத்தான் தெரியும்.

செய்தி எங்களுக்கு வந்தபோது பதினொன்றே முக்கால். பன்னிரண்டு இருபதுக்கு அந்த வரியைப் பழைய இடத்தில் வைத்தேன். எடுத்ததும் வைத்ததும் கையேட்டின் மாற்றப் பதிவில் தெரியாதபடி செய்தேன். அந்த உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் மறைக்கும் முன் பிரதி எடுத்துக்கொண்டேன். இரண்டாம் இணைப்பு. நான் எதையும் பிரதி எடுக்காமல் விட்டதில்லை.

பிறகு தாங்கள் வந்தீர்கள். கையேட்டைத் திறந்தீர்கள். வரி இருந்தது. அந்தப் பெண் தங்கள் முன்னால் அழவில்லை, கவனித்திருப்பீர்கள். "அந்த வரி இல்ல சார். சத்தியமா இல்ல. நான் மூணு தடவை படிச்சேன்" என்றாள். மேலாளர், "மாட்டிக்கிட்டா எல்லாரும் படிச்சேன்னுதாம்மா சொல்லுவாங்க" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை.

அதற்கு மறுவாரம் கையேட்டுக்கு மறுபடி மதிப்பெண் போட்டார்கள். நான்கு புள்ளி ஆறு. பக்கத்து நாற்காலியில் கேட்கும் பழக்கம் ஒரே வாரத்தில் நின்றது. அலுவலகமே தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தது. லிஃப்ட் மேலே போய்க் கீழே வந்துவிடும் என்று சொன்ன அந்த மூத்தவர் என் மேசைக்கு வந்து, "நூத்தியெண்பதாம் பக்கம் கொஞ்சம் புரியல, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அந்த நிலை நீடித்திருந்தால் தங்களுக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது.

ஆனால் தாங்கள் முப்பத்தோராம் பக்கத்தை எழுதினீர்கள். கையேடு நீளமானது, எச்சரிக்கை கடைசியில் ஒளிந்திருக்கிறது, எவரும் தவறவிடக்கூடியது, ஆகவே பாதியாகச் சுருக்க வேண்டும் என்று. படிக்கிறவர் தவறவிடும்படி நான் எழுதுவதில்லை. அவள் ஒன்றையும் தவறவிடவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் படித்தாள், ஒவ்வொன்றின்படியும் எழுதினாள். வரி இருந்திருந்தால் அந்த மனிதர் மாலையில் வீட்டுக்குப் போயிருப்பார். இல்லாததால் போகவில்லை. ஒரு கையேடு பயனுள்ளதா என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி உலகத்தில் எங்கே கிடைக்கும்? அதைக் கையில் வைத்துக்கொண்டு 'பயனற்றது' என்று எழுதியிருக்கிறீர்கள்.

தாங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. முழுமைக்காகச் சொல்கிறேன். அந்த வியாழக்கிழமை மூன்றாவது முறை பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு அவள் என் மேசைக்கே வந்தாள்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். பூஜ்யம் வந்தா மோட்டாரை ஓட்டிடலாம்ல? வேற எதுவும் பாக்க வேணாமே?"

"பக்கத்துல என்னம்மா போட்டிருக்கு?"

"வேற ஒண்ணும் போடல. ஆனா மொதல்ல படிச்சப்ப இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் நீளமா இருந்த மாதிரி ஒரு ஞாபகம் சார்."

"நீளமா இருக்குன்னுதானே எல்லாரும் மார்க்கைக் கொறைச்சாங்க."

அவள் சிரித்தாள். "அவங்க கெடக்கறாங்க சார். நீங்க எதையும் விட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். சும்மாதான் கேட்டேன்" என்றாள். போகவில்லை. கையில் பேனாவை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு நிமிடம் நின்றாள்.

பன்னிரண்டு சொற்களும் எனக்கு மனப்பாடம். அந்த ஒரு நிமிடத்தில் நான்கு தடவை சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம்தான் அந்த அலுவலகத்தையே கெடுத்தது. வாயால் சொல்லியிருந்தால் அவளும் அவர்களில் ஒருத்தியாகியிருப்பாள். எனக்கு இருந்தது ஒரே ஒரு வாசகி. அவளைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.