அறுபது மீட்டர்

தேநீர் நன்றாக இருக்கிறது. சர்க்கரை போடாமல் கொடுத்ததற்கு நன்றி. மொழிபெயர்ப்பாளர் கேட்டது நான்தான். மெல்பர்னில் பதினேழு வருடமாக இங்கிலீஷில் அறிக்கை எழுதுபவன், ஆனால் இதைத் தமிழில் சொன்னால்தான் சரியாக வரும். ராகவி, நீங்கள் அவசரமில்லாமல் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

இன்ஸ்பெக்டர், அந்தச் சாலையைத் தோண்டிப் பார்த்துவிட்டீர்கள். வளைவில் துணி இல்லை. அதைத்தானே கேட்கிறீர்கள்.

அது மலைமேல் போகும் சரளைச் சாலை. குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து சாலையைத் தூக்கும். வெயில் வந்ததும் அது உருகிச் சேறாகும், கல்லெல்லாம் அதற்குள் இறங்கிவிடும். அதனால் மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் விரிப்போம். நாங்கள் துணி என்றுதான் சொல்வோம். தண்ணீரை விடும், சேற்றை விடாது. எளிமையான வேலை.

மூன்று கிலோமீட்டர். சுருள் ஒன்று ஐம்பது மீட்டர், ஆக அறுபது சுருள் வரவழைத்தேன். ஒரு சுருள் முடியும் இடத்தில் அடுத்ததை ஒரு மீட்டர் ஏற்றிப் போட வேண்டும். அந்த ஒரு மீட்டரை நான் சேர்க்கவில்லை. கடைசியில், பள்ளத்தை ஒட்டிய வளைவில், ஏறக்குறைய அறுபது மீட்டருக்குத் துணி இல்லாமல் போனது. அந்த ஒரு மீட்டரைப் பற்றி இளம் பொறியாளர்களுக்கு வகுப்பெடுப்பவனே நான்தான். வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த வெட்கம்தான் முதலில் வருகிறது.

வேலையாட்கள் கிளம்பிவிட்ட வெள்ளிக்கிழமை அது. லாரி ஓட்டும் பிரஷாந்தன் மட்டும் இருந்தான். யாழ்ப்பாணத்துப் பையன், படகில் வந்தவன், வேலையில் கெட்டிக்காரன். மண்மேலேயே கல்லைக் கொட்டு என்றேன். அவன் கொட்டவில்லை.

"சொல்லிப்போடுவம் அண்ணை. இன்னும் ரெண்டு சுருள் எடுத்தாக் காணும். ஆர் என்ன சொல்லப்போகினம்?"

திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கொட்டினான். திங்கட்கிழமை அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவன் எடுத்தான். அடுத்த வாரமும் எடுத்தான். குறை சொல்லும் குரலில் இல்லை, மருந்து சாப்பிட்டீர்களா என்று வீட்டில் கேட்பார்களே, அப்படி.

குளிர்காலம் முடிந்து செப்டம்பரில் பனி உருகியது. முழுச் சுமை ஏற்றிய லாரியை ஓடவிட்டுச் சாலையைச் சோதிக்க வேண்டும். அன்று காலையில் நான் முன்னதாகவே போய் அந்த வளைவில் இரும்புக் கம்பியை ஊன்றிப் பார்த்தேன். உள்பக்கம் கெட்டியாக இருந்தது. பள்ளத்தை ஒட்டிய வெளி ஓரத்தில் கம்பி தயிரில் இறங்குவதுபோல இறங்கியது. கம்பியைத் துடைத்து வண்டியில் வைத்தேன்.

பிரஷாந்தன் வளைவுக்கு முன்னால் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணை, இது தாங்குமோ?"

"தாங்கும் தம்பி. உள்பக்கம் தண்ணி நிக்குது, வெளி ஓரமா எடு."

உள்பக்கம் தண்ணீர் இல்லை.

"ஓம் அண்ணை," என்று சொல்லிவிட்டு ஓரமாக எடுத்தான். லாரி மெதுவாகத்தான் பள்ளத்துக்குள் சாய்ந்தது. நான் நினைத்த அளவுக்குச் சத்தம் வரவில்லை. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவன் பேசும் நிலையில் இல்லை. ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். பிறகு ஏறி வந்து, ஓட்டுநர் தானாகவே ஓரத்துக்குப் போய்விட்டார் என்று அறிக்கையில் எழுதினேன். என்னைத் தவிர, துணி இல்லாதது தெரிந்த ஒரே ஆளும் அப்போது உயிரோடு இல்லை.

அவன் இறந்த முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவன் மனைவி தர்சினி எல்லோரும் போகும்வரை காத்திருந்து, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவர் ஓரத்தால போனதால உங்களுக்கும் வேலையில எவ்வளவு கரைச்சல் அண்ணா. கோவிக்காதேங்கோ. அவரை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மன்னித்துவிட்டேன் அம்மா என்றேன். இதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், ராகவி. அது வாய்க்கு வந்த பேச்சில்லை. பிரஷாந்தன்மேல் எனக்கு இன்றுவரை எந்தக் கோபமும் இல்லை.