ஃபேர் நோட்டு

என் கையெழுத்து அழகாக இருக்கும், ராஜாங்கம் சார். என் வீட்டுக்காரர் விடுதி அறையில் விட்டுவந்த நோட்டில் அதைப் பார்த்துவிட்டுத்தானே கல்லூரியிலிருந்து ரிஷிவந்தியம்வரை பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள்? காபியை ஆறவிடாதீர்கள். அவர் தோட்டத்தில்தான் இருக்கிறார். கூப்பிடும்வரை வரமாட்டார்.

உங்கள் மாணவர் தமிழ்வேந்தனின் எழுத்து கோழி கிளறிய குப்பை. வகுப்பில் எழுதியதை இரண்டு நாள் கழித்து அவராலேயே படிக்க முடியாது. எம்.எஸ்சி. சேர்ந்த புதிதில், சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் ரஃப் நோட்டை என் மடியில் போடுவார். “செல்வி, நீயும் பி.எஸ்சி. கணக்குதானே? இத மனுசன் படிக்கிறமாரி எழுதிக் குடேன்.”

நான் ஃபேர் நோட்டில் எழுதித் தருவேன். எழுதி முடித்த ரஃப் தாள்கள் வெந்நீர் அடுப்புக்குப் போகும். என் மாமியார் கொளஞ்சியம்மாள் சிரிப்பார். “எம் மவன் படிக்கிறான், மருமவ எழுதுறா. கடைசில அடுப்புதான் பாஸாவப் போவுது.”

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ரோடு நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் விடுதிக்குத் திரும்ப முடியவில்லை.

“இன்னாங்க, காலேஜுக்குப் போவலியா?” என்று சீண்டுவேன்.

“மரம் எழுந்து வழி வுட்டா போறேன்” என்பார்.

எனக்கு வெங்காயம் உரித்துத் தந்தார். தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டார், கோணலாக. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல் ஏழு நாள் இருந்தது அப்போதுதான்.

எட்டாம் நாள் மரங்களை இழுத்து ஓரம்போட்டார்கள். முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார். படிப்பு முடிந்ததும் நீங்கள் வடக்கே ஆராய்ச்சிக்கு அனுப்பப்போவதாகப் படியில் நின்று சொன்னார். ஐந்து வருடமாம். குடும்பத்துக்கு அங்கே இடமில்லையாம். முகமெல்லாம் சிரிப்பு.

அன்று மாலைதான் ஃபேர் நோட்டில் முதல் நிபந்தனையை எழுதாமல் விட்டேன்.

ஒவ்வொரு தேற்றத்துக்கும் சில நிபந்தனைகள் உண்டு, ஒன்று குறைந்தாலும் தேற்றம் பொய்யாகிவிடும். உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பக்கத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துவிடுவேன். நிரூபணத்தில் அது தேவைப்படும் வரியையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் உறுத்தும். நல்ல உழைப்பு சார். இரண்டு முறை குழம்பு தீய்ந்துபோனது.

ஏப்ரல் பரீட்சையில் ரியல் அனாலிசிஸ் பேப்பர் போனது. அக்டோபரில் அதோடு இன்னும் இரண்டு. புத்தகத்தையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வித்தியாசம் தெரிந்துவிட்டது. அவரோ என்னைத்தான் தேற்றினார்.

“கிளாஸ்ல நாந்தான் தப்புத் தப்பா எழுதிக்கினு வந்திருக்கேன், செல்வி. நீ பாவம், பாத்தத எழுதின.”

சரிபார்க்க ரஃப் தாள் ஏது? எண்ணெய் காய்ச்சி அவர் தலையில் தேய்த்துவிட்டேன்.

மூன்றாம் முறையும் தோற்றதும், மனசு மாறட்டும் என்று கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனேன். கரியாலூர்ப் பக்கம் அருவி மேட்டில், செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு விளிம்பில் போய் நின்றார். ஜீப் ஓட்டிவந்த பச்சமுத்துதான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தார். “இன்னா சார் நீ, அருவியக் கீழ நின்னுல்ல பாக்கணும்?”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அப்போது தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் மலை இறங்கும்வரை அவர் என் கையை விடவே இல்லை. அந்த வாரமே படிப்பை நிறுத்திவிட்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் நன்றாகத் தூங்குகிறார்.

ஆமாம் சார், எல்லாம் நான் செய்ததுதான். நோட்டை அவரிடம் காட்டுங்கள், தடுக்க மாட்டேன். அவர் நம்பப்போவதில்லை.

நேற்று தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர், “ஏழும் எட்டும் பதினஞ்சுதானே, செல்வி?” என்று கேட்டார். பதினாறு என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் விரல்களையே பார்த்தார். பிறகு, “ஆமா, பதினாறு” என்று சிரித்தார்.

எத்தனை பெண்டாட்டிக்கு இப்படி ஒரு புருஷன் வாய்ப்பான், சொல்லுங்கள் சார்?