சஹனில் அவள் பக்கம்

ஹலோ... ஹலோ, கேக்குதா மச்சான்? ...நான்தான், சஜிதா. ஆமா, ஆமா, ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம்... நம்ம புள்ள ஜன்னத் கண்ணு முழிச்சுட்டா. ட்ரிப்ஸ் ஏறுது... அழுவாதீங்க. குவைத்துல ஒக்காந்துக்கிட்டு நீங்க அழுதா நான் என்னா பண்ணுவேன்?

...கல்யாணப் பந்தியிலதான். நாலு பேரா ஒரு சஹன் தட்டைச் சுத்தி உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருந்தோம். எந்திரிச்சா, அப்புடியே சாஞ்சுட்டா...

...வெயிலு இல்ல மச்சான். சாப்புடாம. நாடி ரொம்பக் கொறஞ்சு போச்சாம், ரத்தத்துல உப்புச்சத்தெல்லாம் எறங்கிடுச்சாம். இன்னும் விட்டிருந்தா நெஞ்சே நின்னுருக்கும்னு டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க.

...திமிரா? யாருக்கு, அவளுக்கா? ரெண்டு அறை விடணுமா? வாயைக் கழுவுங்க!

...அதான் இல்லைங்கிறேன். ஒல்லியாவணும்னு பட்டினி கெடக்கல. ஹஜ்ஜுப் பெருநாள் அன்னைக்கு எலும்பு தொண்டையில மாட்டி மூச்சு முட்டுச்சே, ஞாபகம் இருக்கா? எலும்பு அன்னைக்கே வெளிய வந்துடுச்சு. பயம் போவல. வாயில வச்சாலே தொண்டை பூட்டிக்கிதாம். அதுவும் ஒரு வியாதிதானாம்... ஆமா, ஆமா, வைத்தியம் இருக்காம். நாளாகுமாம்.

...முடி கொட்டுனப்ப கீழவாஞ்சூர் துறைமுகத்துலேர்ந்து வர்ற கரித்தூசின்னு நெனச்சேன். மாசாமாசம் வர்றது நின்னப்ப, வயசுக்கு வந்த புதுசுல அப்புடித்தான்னு விட்டுட்டேன்...

...எப்புடித் தெரியாமப் போச்சா? நம்ம வூட்டுல என்ன, தனித்தனித் தட்டா வைக்கிறோம்? நானும் அவளும் ஒங்க உம்மாவும் ஒரே சஹன்ல. அவ சோத்தைப் பெசஞ்சு பெசஞ்சு நடுவுல தள்ளிருக்கா. நான் பேச்சு மும்முரத்துல அள்ளி அள்ளித் தின்னுருக்கேன். சஹன் காலி, புள்ள சாப்புட்டுடுச்சுன்னு கழுவிக் கவுத்துட்டேன்... எம்புள்ள பங்கை நானே தின்னுருக்கேன் மச்சான். கண்ண மூடுனா அந்த வெறும் சஹன்தான் வந்து நிக்கிது. பயமா இருக்கு...

...என்னது? உம்மாகிட்ட சொல்லி பிரியாணி குடுத்து விடச் சொன்னீங்களா? அய்யோ அல்லா! வேணாம், வேணாம்! காஞ்ச ஒடம்புல ஒரேயடியா கொட்டுனா அதுவே உசுருக்கு ஆபத்தாம். கஞ்சிதான், கரண்டி கரண்டியா, டாக்டரம்மா சொல்ற அளவு. மெரட்டக் கூடாது, திணிக்கக் கூடாது... ஃபோன் போட்டு நிறுத்துங்க... ஆங், சரி, சரி.

...அவகிட்ட பேசணுமா? பேசுங்க. ஆனா சாப்புட்டியான்னு மட்டும் கேக்காதீங்க. சோத்துப் பேச்சே வேணாம். கேட்டாலே தொண்டை அடைச்சுக்கிதாம்... தெரியுது மச்சான், தெனமும் ஃபோன எடுத்தவொடனே அதைத்தான் கேப்பீங்க. இன்னைக்கு வேணாம். பூனை குட்டி போட்டுச்சே, அதைக் கேளுங்க.

ஜன்னத், வாப்பா பேசுறாங்கம்மா... ஸ்பீக்கர்ல போடுறேன்... இருங்க, இருங்க. அவளே கஞ்சிக் கரண்டியை எடுத்துட்டா. வாயில வச்சுட்டா மச்சான், அவளாவே! ...இன்னும் முழுங்கல. தொண்டையில கை வச்சுக்கிட்டு ஃபோனையே பாக்குறா. ம், பேசுங்க, குட்டியக் கேளுங்க...

...அய்யோ.

...கேக்காதீங்கன்னு சொன்னேன்ல மச்சான். சொல்லி வாயை மூடல...

...துப்பிட்டா.

...இல்ல. இல்ல, ஒங்களத் திட்டல... தெரியும், பாசத்துலதான் கேட்டீங்க. நானும் பாசத்துலதான் சஹனைக் கழுவி வச்சேன்.

...வைங்க மச்சான். ஃபோனை வைங்க, புள்ள நடுங்குறா.