மூடி போட்ட குழாய்

எங்கள் வீட்டுக் கீழறையில் சித்திரை மாதத்தில்கூட மின்விசிறி வேண்டாம். வட்டியூர்க்காவில் சரிவான மனை. அஸ்திவாரம் தோண்டியபோது பின்பக்கம் முழுவதும் பாறையாக வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வெடி வைக்க அண்டை வீட்டார் சம்மதிக்கவில்லை. அந்தப் பாறையையே பின்சுவராக வைத்து, தெரு மட்டத்துக்குக் கீழே ஓர் அறை கட்டிக்கொண்டேன். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பகலெல்லாம் பேப்பரும் கையுமாக அங்கேதான் கிடப்பேன்.

நீது என்ற பெண் வந்தது அப்போதுதான். பாறைகளில் இயற்கையாக இருக்கும் கதிரியக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். வீடு வீடாகக் கேட்டு, அறையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் தொங்கவிடுவாள். மூன்று மாதம் கழித்து வந்து எடுத்துப்போவாள். எங்கள் டப்பாவை எடுத்துப்போனவள் போனில் சொல்லாமல் நேரில் வந்தாள். பாறையிலிருந்து ரேடான் என்றொரு வாயு கசிகிறதாம். நிறமில்லை, மணமில்லை. வெளிக்காற்றில் கலந்துவிட்டால் பாதகமில்லை. அடைத்த அறையில் சேர்ந்துவிடும். வருஷக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். எங்கள் கீழறையில் அது இருக்கவேண்டிய அளவைப்போலப் பல மடங்கு இருந்தது.

"பயப்படண்டா சார்," என்று மலையாளம் கலந்து சொன்னாள். "தரையிலேர்ந்து ஒரு குழாய் வெச்சு, ஃபேன் போட்டு, காத்த வெளிய தள்ளுங்க. ஜன்னலத் தொறந்தே வைங்க. அது மதி, போதும்."

அன்று மாலையே என் சாய்வு நாற்காலியை மேலே கொண்டுவந்துவிட்டேன். குழாயும் வைத்தேன். பேச்சிமுத்து மேஸ்திரி அதைக் கூரைக்கு மேல் கொண்டுபோகாமல், மேல்வீட்டுப் பூஜையறை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டான். அப்போது அது ஒரு குறையாகத் தெரியவில்லை. என் மனைவி நாகலக்ஷ்மியிடம், ஈரம் போவதற்காக என்று சொன்னேன். அவள் ஒரு தும்மலுக்கே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொள்கிறவள். உண்மையைச் சொன்னால் வீட்டையே விற்கச் சொல்லியிருப்பாள்.

பிறகு அவள் குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். பிள்ளை சுமந்த் கனடாவில். கைத்தாங்கலாகப் பிடிக்க வீட்டில் ஒரு பெண்பிள்ளை தேவைப்பட்டது. சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடையில் வேலை பார்க்கும் லிங்கராஜ், மனைவி ஜெபமலரும் சின்னப் பெண் அனுஷாவுமாக வீடு தேடிக்கொண்டிருந்தான். வள்ளியூர்ப் பக்கத்து வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கீழறையைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தேன். வாயுவைப் பற்றிச் சொல்லவில்லை. ஃபேன்தான் ஓடுகிறதே, மருந்து கொடுத்தாகிவிட்ட நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று இருந்துவிட்டேன். இதுவரை நான் செய்ததில் யாரும் குற்றம் காண முடியாது.

ஜெபமலர் தங்கமான பெண். நாகலக்ஷ்மியைக் குளிப்பாட்டி, புடவை உடுத்தி, சுவாமி முன்னால் உட்காரவைத்துவிட்டுத்தான் தன் வேலையைப் பார்ப்பாள். மீதிப் பொழுதெல்லாம் கீழே பாறையோரம் தையல் மிஷினில் ரவிக்கை தைப்பாள். சாயங்காலம் சாளை மீன் பொரிப்பாள். அங்கேதான் சங்கடம் வந்தது. ஃபேன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மீன் வாடை குழாய் வழியே ஏறி, விளக்கேற்றும் நேரத்துக்குச் சரியாகப் பூஜையறைக்குள் வந்தது.

"ஏன்னா, சுவாமி உள்ள முழுக்க மீன் நாத்தம் அடிக்கறது. எனக்குக் குமட்டறது. எதுக்கு இந்தக் குழாய்? அடைச்சுத் தொலையுங்கோளேன்," என்றாள் நாகலக்ஷ்மி.

குழாயை இன்னும் நாலு முழம் நீட்டிக் கூரைக்கு மேலே விட்டிருந்தால் தீர்ந்தது. பேச்சிமுத்து ஊருக்குப் போயிருந்தான். அவன் வரும்வரைக்கும் என்று, ஃபேனை நிறுத்திவிட்டு, பூஜையறை ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் குழாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மூடியைப் போட்டேன். எட்டுகிற தூரம்தான்.

மறுநாள் ஜெபமலரே மேலே வந்தாள். "அம்மா பூச பண்ணுத எடம்லா, எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. சன்னலையும் சாத்திக்கிடுதேன் சார், வாட மேல ஏறாது." நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் பண்பைக் கண்டு மனம் நெகிழ்ந்துபோய், "மகராசியா இரும்மா" என்றேன். முதலில் சமைக்கும்போது சாத்தினாள். பிறகு எப்போதும் சாத்தியே வைத்தாள்.

பேச்சிமுத்து ஊரிலிருந்து திரும்பி வந்தான். அப்போது ஏன் குழாயை நீட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நீட்டச் சொன்னால் எதற்கு என்று கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் ஜெபமலர் பெண்ணை அழைத்துக்கொண்டு அன்றைக்கே போய்விடுவாள். நாகலக்ஷ்மியை யார் தூக்குவார்கள்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. போன வருஷமே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே. இப்படிப்பட்ட நிலையில் மாட்டிக்கொண்ட மனிதனால் என்னதான் செய்ய முடியும்?

அனுஷா பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புகளுக்குப் போன சமயம் ஜெபமலருக்கு இருமல் வந்தது. மிஷின் சத்தத்தைவிட இருமல் சத்தம் அதிகமானது. பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரலில் புற்று என்றார்கள். வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

லிங்கராஜ் மேலே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான். "சார், நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். அவ ஏசுவாளேன்னு நான் வெளிய படியில நின்னுதான் பீடி குடிப்பேன். அப்பிடியும் எம் புகைதான் அவளுக்கு ஏறிட்டா?"

பூஜையறைக் கதவு திறந்திருந்தது. அவன் தோளுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே குழாயின் மூடி தெரிந்தது. வெயிலில் மஞ்சளாகிப்போயிருந்தது.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றா, லிங்கராஜ்," என்றேன்.

அவன் தன் வாயிலேயே பளார் பளார் என்று அறைந்துகொண்டான். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. பெற்ற மகனைத் தேற்றுவதுபோல அவனைத் தேற்றி அனுப்பினேன்.

பாறைதான் என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. தனி ஒருவருக்கு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை என்று நீதுவே சொல்லியிருக்கிறாள். ஆகையால் நான் சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியாது. இரண்டு காரணம் தெரிந்த இடத்தில் ஒன்றைச் சொன்னேன், அவ்வளவுதான்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது ஜெபமலர் கையெடுத்துக் கும்பிட்டாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "சார், அவுக சோறு திங்காம கெடக்காக. பீடியால இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாக." சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு உண்மையிலேயே சொல்லத்தான் நினைத்தேன். பீடி இல்லை என்றால் வேறென்ன என்று அவன் கேட்பானே. அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

லிங்கராஜ் பீடியை விட்டுவிட்டான். முன்பெல்லாம் புகைக்கவாவது படிக்கட்டுக்கு வருவான். இப்போது கடைவிட்டு வந்தால் பாறையில் முதுகைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்திருக்கிறான். தானே அவளைக் கொன்றுவிட்டதாக நம்புகிறான். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேறு வீடு பார்க்கச் சொன்னேன். அவள் இருந்த இடம், விட்டுப் போகமாட்டேன் என்கிறான். அனுஷா அதே அறையில் உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். நாகலக்ஷ்மியை இப்போது அவள்தான் குளிப்பாட்டுகிறாள். போன வாரம் நீது போனில் கூப்பிட்டு, மறுபடி ஒரு டப்பா தொங்கவிடலாமா என்று கேட்டாள். கீழறை பூட்டிக் கிடக்கிறது, யாரும் இல்லை என்றேன்.

மூடியைப் போட்டது நான். அது என்ன என்று தெரிந்தே அவர்களை அதற்குக் கீழே வைத்திருந்ததும் நான். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மூடி இன்னும் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது.

நேற்று அனுஷா மேலே வந்து, ஜெபமலரின் நினைவு நாளைப் பற்றிப் பள்ளிக்கூட மலையாளம் கலந்து பேசினாள். "அங்கிள், நாளைக்கு அம்மைக்க ஓர்ம நாளாக்கும். அம்மைக்கு இஷ்டம்னு அப்பா சாளை வாங்கிட்டு வராரு. பொரிச்சா ஆன்ட்டிக்கு வாட அடிச்சு ப்ரஷ்னம் ஒண்ணும் இல்லல்லோ?"

நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. "தாராளமாப் பொரிச்சுக்கோம்மா," என்றேன். ஜன்னலை மட்டும் நன்றாகச் சாத்திக்கொள்ளச் சொன்னேன்.